ஏரிக்கரை முகாமுக்குக் குதிரையுடன் முதன்முறை செல்வோருக்கு

குதிரையோடு ஏரிக்கரையில் தங்கப் போகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது அவருடைய மனத்தில் பெரும்பாலும் சவாரிதான் இருக்கும். கரையோரப் பாதையும், காலை வெயிலில் மினுங்கும் நீர்ப்பரப்பும், சேணத்தில் அமர்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே செல்லும் சுகமும் யாரையும் இழுக்கக்கூடியவை. ஆனால் ஒரு நாளில் சவாரிக்கு எவ்வளவு நேரம் போகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். புதியவருக்கும் அவருடைய குதிரைக்கும் மூன்று அல்லது நான்கு மணி நேரமே அதிகம். மீதமுள்ள இருபது மணி நேரமும் அந்தக் குதிரை பழக்கமில்லாத ஓரிடத்தில், கயிற்றில் கட்டப்பட்டோ சிறு வேலிக்குள் அடைபட்டோ, இதுவரை அறியாத ஒலிகளுக்கும் வாடைகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும். முகாம் நல்லபடியாக முடிவதும் முடியாததும் அந்த இருபது மணி நேரத்தைப் பொறுத்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் சவாரியைப் பற்றிக் குறைவாகவும், கட்டுவது, தீவனம் இடுவது, தண்ணீர் காட்டுவது, இரவில் காவல் இருப்பது ஆகியவற்றைப் பற்றி விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

இடத்தை உறுதிசெய்தல்

ஏரிக்கரைப் பொழுதுபோக்குப் பகுதிகள் எல்லாவற்றிலும் குதிரைகளுக்கு இடம் இருப்பதில்லை. இடம் இருக்கும் பகுதிகளிலும் குதிரை முகாம் தனியாகவும், படகுத்துறையும் நீச்சல் கரையும் தனியாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். முன்பதிவு செய்வதற்கு முன்பே நிர்வாகத்திடம் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ள வேண்டும். குதிரையை எதில் கட்ட வேண்டும்: அங்கேயே கொட்டில் உண்டா, கம்பங்கள் நடப்பட்டுள்ளனவா, மரத்துக்கு மரம் கயிறு கட்ட அனுமதி உண்டா? குடிநீர்க் குழாய் முகாமிலேயே இருக்கிறதா, அல்லது தொலைவிலிருந்து சுமந்து வர வேண்டுமா? லத்தியைக் கொட்டுவதற்குத் தனி இடம் இருக்கிறதா, அல்லது வீட்டுக்குத் திருப்பி எடுத்துச்செல்ல வேண்டுமா? குதிரை ஏரிக்குள் இறங்கலாமா, இறங்கலாம் என்றால் எந்தப் பகுதியில்? குதிரையை ஏற்றிவரும் இழுவை வண்டியை இணைத்த வாகனம் திரும்புவதற்குப் போதிய இடம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். இருள் கவிந்த பிறகு, முட்டுச்சந்து போன்ற ஒரு பாதையில், உள்ளே பொறுமையிழந்து உதைக்கும் குதிரையோடு வண்டியைப் பின்னோக்கி எடுக்க நேர்ந்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஆவணங்களையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் குதிரைகளுக்கான தொற்று இரத்தசோகை நோய் இல்லை என்று காட்டும் இரத்தப் பரிசோதனைச் சான்றும், கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் இல்லாமல் வெளிக் குதிரைகளை உள்ளே விடமாட்டார்கள். இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்களால் அந்த நோய் பரவுகிறது, அதற்குத் தடுப்பூசியும் கிடையாது என்பதால், இந்தக் கட்டுப்பாட்டை வெற்றுச் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது. ஏரிக்கரையில் கொசுவும் மிகுதி. கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் வகைகள் உங்கள் பகுதியில் உண்டென்றால், அவற்றுக்கான தடுப்பூசிகளைப் புறப்படும் வாரத்தில் போட்டால் போதாது. எதிர்ப்பாற்றல் உருவாவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

வீட்டிலேயே ஒத்திகை

என்னிடம் யாராவது ஒரே ஒரு அறிவுரையைக் கேட்டால், முதல் முகாமை வீட்டுக் கொல்லையிலோ குதிரை வழக்கமாக இருக்கும் லாயத்தின் முற்றத்திலோ நடத்துங்கள் என்றுதான் சொல்வேன். முகாமில் குதிரையை எப்படிக் கட்டப் போகிறீர்களோ அப்படியே இங்கே கட்டி வையுங்கள். முதலில் அரை மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம், பிறகு ஓர் இரவு முழுதும் என்று கூட்டிக்கொண்டே போகலாம். அந்த இரவில் நீங்களும் அருகிலேயே கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும். கூடாரத் துணி காற்றில் படபடப்பதையும், உள்ளிருந்து திடீரென்று ஒரு மனிதத் தலை வெளியே வருவதையும் குதிரை முதன்முறை பார்ப்பது இங்கேயாக இருக்கட்டும்.

கட்டும் முறைகளில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி தேவை. மின்வேலி நாடாவுக்குள் நிறுத்துவதாக இருந்தால், அந்த நாடாவைத் தொட்டால் என்ன நேரும் என்பதைக் குதிரை முன்பே உணர்ந்திருக்க வேண்டும். அதை அறியாத குதிரை மிரண்டு ஓடும்போது அந்த மெல்லிய நாடா அதைத் தடுக்காது. முன்னங்கால்களில் போடும் தளையை ஒருபோதும் முகாமில் முதன்முறையாகப் போடாதீர்கள். தளையோடு நடக்கக் கற்காத குதிரை தடுக்கி விழும், பழகிய குதிரையோ தளையோடு கூடத் துள்ளித் துள்ளி வெகுதூரம் போய்விடும். ஆகவே தளை என்பது நீங்கள் கண்ணெதிரில் இருந்து மேயவிடும் சிறு நேரத்துக்கு மட்டுமே உதவும். முளையடித்து ஒரு காலில் நீண்ட கயிறு கட்டி மேயவிடும் முறையையும் சிலர் கையாள்கிறார்கள். புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கயிறு பின்னங்காலில் குளம்புக்குச் சற்று மேலுள்ள குழைச்சில் உரசித் தோலை அறுத்த புண் ஆறுவதற்கு வாரக்கணக்காகும்.

ஏற்றி இறக்கும் பழக்கமும் இந்த ஒத்திகையைச் சேர்ந்தது. இழுவை வண்டியில் ஏற மறுக்கும் குதிரையை வைத்துக்கொண்டு முகாம் செல்வது நியாயமன்று. முகாமில் மருத்துவ அவசரம் ஒன்று வந்தால், இரவு இரண்டு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் அது வண்டியில் ஏறியாக வேண்டும்.

தீவனமும் மூட்டை கட்டுதலும்

குதிரையின் இரைப்பை உடலளவோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது, அதில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே சிறிது சிறிதாக, இடைவிடாமல் நார்த்தீவனம் உண்பதற்கே அதன் உடல் அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் வேண்டும். முகாமில் கட்டுண்டு நிற்கும் நேரம் மிகுதி என்பதால் 10 கிலோவாகவே கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு நாள் தீவனத்தையும் கூடுதலாக எடுத்துச்செல்வது நல்லது. தானியத்தைக் கூட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. பொழுது போகாமல் நிற்கும் குதிரையின் முன்னே புல் வலைப்பை தொங்கிக்கொண்டிருந்தால் அதன் மனமும் வயிறும் ஒருசேர அடங்கும்.

பல பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் களைவிதை கலவாதது என்று சான்றளிக்கப்பட்ட புல்லை மட்டுமே அனுமதிக்கிறார்கள். குதிரையின் குடல் வழியே செல்லும் விதைகளில் ஒரு பகுதி உயிரோடு வெளியே வந்து, லத்தியிலேயே முளைத்து, அந்த இடத்துக்குச் சொந்தமில்லாத செடிகளைப் பரப்பிவிடும். அத்தகைய புல்லை அங்கே போய்த் திடீரென்று மாற்றக் கூடாது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழகுவதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், புறப்படுவதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முழுவதும் மாறிவிடுங்கள்.

கருவிகளில் சிலவற்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். உறுதியான தலைக்கயிறு இரண்டு, பிடிகயிறு இரண்டு, குதிரைக்கென்றே இரண்டு வாளிகள், குளம்பைக் கொத்திச் சுத்தம் செய்யும் கொக்கி, லாடம் கழன்றால் மாட்டுவதற்குக் குளம்புக் காலணி ஒன்று, லத்தி அள்ளும் முட்கரண்டி, தலையில் அணியும் விளக்கு, உடல்வெப்பமானி, காயம் கட்டும் பஞ்சும் துணிச்சுருளும், உங்கள் இடுப்பிலேயே இருக்கும் கூர்மையான கத்தி. கயிற்றில் சிக்கிக்கொண்ட குதிரையை விடுவிக்கச் சில நொடிகளே கிடைக்கும். அப்போது கத்தியைத் தேடிப் பெட்டிக்கு ஓட முடியாது.

பயணம்

இழுவை வண்டியின் சக்கரக் காற்று, விளக்குகள், இணைப்பு, தரைப் பலகையின் உறுதி ஆகியவற்றைப் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். தலையை உயரத் தூக்கிக் கட்டிய நிலையில் நெடுநேரம் பயணம் செய்யும் குதிரை, மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் தலையைத் தாழ்த்தி வெளியேற்ற முடியாமல் போவதால் நுரையீரல் தொற்றுக்கு ஆளாகிறது. நிறுத்தும் இடங்களில் தலை தாழ்வதற்கு இடம் கொடுங்கள். பகல் வெளிச்சம் குறைந்தது மூன்று மணி நேரம் மிச்சமிருக்கும்போது முகாமை அடைவதாகத் திட்டமிடுங்கள்.

வந்து சேர்ந்ததும்

குதிரையை உடனே இறக்கி மரத்தில் கட்டிவிட்டுக் கூடாரம் போடச் செல்வதுதான் எல்லோருக்கும் வரும் எண்ணம். அதற்கு முன்பாக, குதிரையை நிறுத்தப்போகும் இடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கண்ணாடிச் சில்லு, கம்பித் துண்டு, தூண்டில் முள், மீன்பிடிப்பவர்கள் விட்டுச்சென்ற நரம்புக் கயிறு ஆகியவை ஏரிக்கரையில் சாதாரணமாகக் கிடக்கும். மரஞ்செடிகளையும் பார்க்க வேண்டும். அரளியின் சில இலைகளே குதிரையைக் கொன்றுவிடும். யூ என்னும் ஊசியிலை மரமும் அவ்வளவு கொடியது. செம்மேப்பிள் மரத்தின் வாடிய இலைகள் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. அடையாளம் தெரியாத செடியின் எட்டுந்தொலைவில் குதிரையைக் கட்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

நிறுத்தும் இடம் சற்று மேடாக, தண்ணீர் தேங்காததாக, நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 60 மீட்டர் விலகியதாக இருக்கட்டும். லத்தியும் சிறுநீருமாக ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் வெளியேற்றுகிறது. மழை பெய்தால் அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏரியில் கலந்து பாசி பெருகக் காரணமாகும். கரைக்கு மிக அருகில் கொசுவும் ஈயும் அதிகம் என்பதால் இந்த இடைவெளி குதிரைக்கும் நல்லதே.

பிறகு குதிரையை இறக்கி, பிடிகயிற்றில் வைத்தபடியே முகாமைச் சுற்றி நிதானமாக நடத்திக் காட்டுங்கள். தண்ணீர் எங்கே, மற்றக் குதிரைகள் எங்கே, அந்தப் படபடக்கும் பொருள் என்ன என்பதை அது தன் வேகத்தில் பார்த்துக்கொள்ளட்டும். அருகிலுள்ள அந்நியக் குதிரைகளோடு மூக்கோடு மூக்கு உரச விடாதீர்கள், பொதுத் தொட்டியிலும் தண்ணீர் காட்டாதீர்கள். தொண்டைக் கழலை வீங்கிச் சீழ் வைக்கும் தொற்று அந்த இரண்டு வழிகளிலுமே எளிதாகப் பரவும்.

மேல்கயிறு கட்டுதல்

கொட்டிலோ கம்பமோ இல்லாத முகாமில், இரண்டு மரங்களுக்கு இடையே உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து குதிரையின் பிடிகயிற்றைத் தொங்கவிடுவதே நான் கண்டவற்றில் சிறந்த முறை. மரத்தில் நேரடியாகக் கட்டப்பட்ட குதிரை பட்டையைக் கடித்து உரிக்கும், வேரை முன்னங்காலால் பறிக்கும், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைச் சுருக்கிக்கொள்ளும். மேல்கயிற்றில் இவை எதற்கும் வாய்ப்பில்லை.

முதலில் பட்டுப்போகாத, நன்கு பருத்த இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுங்கள். கயிறு மரப்பட்டையை அறுக்காமல் இருக்க, குறைந்தது 5 செ.மீ. அகலமுள்ள பட்டைவாரை மரத்தைச் சுற்றிப் போட்டு, அதன் வளையத்தில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். கயிற்றின் உயரம் ஏறத்தாழ 2 மீட்டருக்கு மேல், அதாவது உங்கள் குதிரை தலையை நிமிர்த்தினாலும் அதற்கு மேலே இருக்க வேண்டும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் குதிரை இழுக்கும்போது அது தொய்யும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நன்றாக முறுக்கி இழுத்துக் கட்டுங்கள். பிடிகயிறு தொங்கும் இடத்தில் அது பக்கவாட்டில் நழுவாதபடி ஒரு முடிச்சோ அதற்கென்றே செய்த உலோகப் பிடிப்போ வேண்டும். அதோடு ஒரு சுழல்வளையத்தையும் மாட்டினால் குதிரை சுற்றினாலும் கயிறு முறுக்கிக்கொள்ளாது. மரத்திலிருந்து குறைந்தது 2 மீட்டரும், ஒரு குதிரைக்கும் அடுத்த குதிரைக்கும் இடையே 3 மீட்டருக்குக் குறையாமலும் இடைவெளி விடுங்கள். நட்பில்லாத குதிரைகளை அடுத்தடுத்துக் கட்டுவதும், ஒன்றை ஒன்று பிரியாத இரண்டைத் தொலைவில் கட்டுவதும் இரவு முழுதும் கனைப்பையும் உதையையும் வரவழைக்கும்.

இந்த முறையில் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் பிடிகயிற்றின் நீளமே. குதிரையின் மூக்கு தரையில் கிடக்கும் புல்லை எட்ட வேண்டும், அதற்கு மேல் கயிறு மிச்சமாகத் தொங்கக் கூடாது. கயிறு நீளமாகிவிட்டால் குதிரை கால் எடுத்து வைக்கும்போது கால் அதற்கு மேலே போய்விடும், தலையைத் தூக்கும் கணத்தில் கால் கயிற்றில் மாட்டிக்கொள்ளும், பிறகு அது போராடும் போராட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நானும் ஒருமுறை, பாவம் தாராளமாகப் படுத்துக்கொள்ளட்டும் என்று எண்ணி அரை மீட்டர் கூடுதலாக விட்டேன். நள்ளிரவில் அந்த முடிவுக்கான விலையை என் குதிரையின் முன்னங்கால் கொடுத்தது. முடிச்சு எப்போதும் ஒரே இழுப்பில் அவிழக்கூடியதாக இருக்க வேண்டும். கடிவாளத்தை வைத்து ஒருபோதும் கட்டாதீர்கள். மிரண்டு பின்வாங்கும்போது வாயிலுள்ள இரும்பு நாக்கையும் தாடையையும் கிழித்துவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். குதிரை நின்றபடியே உறங்கும் என்பது உண்மையே, ஆயினும் ஆழ்ந்த கனவுறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். அத்தகைய உறக்கம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவே தேவைப்பட்டாலும், கட்டுண்ட குதிரைகள் பல அதைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. ஓரிரு இரவுகளுக்கு இதனால் பெரிய தீங்கு இல்லை. நான்கைந்து நாள் தங்குவதாக இருந்தால், இரும்புச் சட்டக வேலியோ குதிரை பழகிய மின்வேலியோ அமைத்துத் தாராளமாகப் படுக்க விடுங்கள். இடிமழை வரும் என்று தெரிந்தால், தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தின் அடியிலிருந்தும் இரும்பு வேலியிலிருந்தும் குதிரையை முன்கூட்டியே அப்புறப்படுத்துங்கள்.

தண்ணீர்

கண்ணெதிரே ஒரு ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போது குதிரை தாகத்தோடு நிற்கும் என்று புதியவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் முகாம் குதிரைகளுக்கு வரும் வயிற்றுச் சூலைக்குப் போதிய தண்ணீர் குடிக்காததே ஒரு முக்கியமான காரணம். சாதாரண நாளில் ஒரு குதிரை 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் உழைத்தால் 60 லிட்டரையும் தாண்டும். அதுவே புதிய இடத்தில் வாடையும் சுவையும் மாறிய தண்ணீரைக் கண்டு மூக்கைச் சுளித்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அது எவ்வளவு குடித்தது என்பதை அறிய, தண்ணீரை வாளியில் அளந்து வையுங்கள். ஏரியில் குடிக்கவிட்டால் குடித்ததா, உதட்டை நனைத்ததா என்று தெரியாது.

வீட்டுத் தண்ணீரை முதல் நாளுக்காவது பெரிய கேன்களில் கொண்டுசெல்லலாம். அல்லது புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் சிறிது ஆப்பிள் சாறோ வெல்லப்பாகோ கலந்து பழக்கி, முகாமிலும் அதையே கலந்தால் வேற்றுத் தண்ணீரின் சுவை மறைந்துவிடும். கலந்த வாளிக்குப் பக்கத்தில் கலவாத வாளி ஒன்றும் இருக்கட்டும். உலர்புல்லை நனைத்துக் கொடுத்தாலும் உடலுக்குள் நீர் சேரும். உப்புக் கட்டியை எட்டும் இடத்தில் வைத்தால் தாகம் எடுக்கும்.

ஏரித் தண்ணீரைக் காட்டுவதாக இருந்தால், முதலில் அதன் மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். பச்சை வண்ணத்தைக் கொட்டியது போலவோ, நீலப்பச்சை ஆடை படர்ந்தது போலவோ தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அதன் சில வகைகள் ஈரலையும் நரம்புகளையும் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன, அந்தத் தண்ணீரைக் குடித்த கால்நடைகள் மிக விரைவில் இறந்ததுண்டு. வெப்பமான, காற்றில்லாத நாள்களில் காற்றொதுங்கும் மூலைகளில் அது திரளும். குதிரை குடிக்கக் கூடாது என்பதோடு, அதில் இறங்கவும் கூடாது, ஏனெனில் உடலில் ஒட்டியதைப் பிறகு நக்கிக்கொள்ளும். நிர்வாகம் எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை என்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மணற்பாங்கான கரையில் தீவனத்தைத் தரையில் போடுவதையும் தவிருங்கள். புல்லோடு விழுங்கும் மணல் குடலில் படிந்து சூலையை உண்டாக்கும். வலைப்பையிலோ தட்டையான தொட்டியிலோ போட்டால் அந்தக் கவலை இல்லை. வலைப்பையைக் கட்டும்போது, காலியாகித் தொங்கினாலும் குளம்பு மாட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

முதல் இரவு

படுக்கப் போகுமுன் குதிரையை அமைதியாக ஒருமுறை முழுதும் பாருங்கள். அமைதியான குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும், உடல்வெப்பம் ஏறத்தாழ 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரையும் இருக்கும். இவற்றை வீட்டிலேயே சில நாள் அளந்து, உங்கள் குதிரைக்கு எது இயல்பு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகாமில் ஏதோ சரியில்லை என்ற ஐயம் எழும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பு கைகொடுக்கும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். விலாப்புறத்தில் காதை வைத்தால் குடலின் இரைச்சல் கேட்க வேண்டும்.

தீவனத்தில் நாட்டமின்மை, லத்தி போடாதிருத்தல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், தரையைக் காலால் பறித்தல், மீண்டும் மீண்டும் படுத்து எழுதல் ஆகியவை சூலையின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் தீவனத்தை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முகாமுக்கு மிக அருகிலுள்ள, இரவில் வரக்கூடிய மருத்துவரின் எண்ணை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்திருக்க வேண்டும், ஏரிக்கரையில் கைப்பேசிக்கு அலைவரிசை எங்கே கிடைக்கிறது என்பதையும் பகலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

கூடாரத்தைக் குதிரையின் ஒலி கேட்கும் தொலைவில், ஆனால் அது அவிழ்த்துக்கொண்டு ஓடினால் மிதிபடாத பக்கத்தில் போடுங்கள். இரவில் எழுந்து செல்லும்போது பேசிக்கொண்டே நெருங்குங்கள். குதிரையின் கண்கள் இருளில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும், ஆனால் வெளிச்சத்திலிருந்து இருளுக்கு மாற நம்மைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், விளக்கை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். முதல் இரவில் இரண்டு முறையாவது எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். வாய் அசைகிறது, புல்லைக் கடிக்கும் ஓசை கேட்கிறது, ஒரு பின்னங்கால் தளர்ந்து மடங்கியிருக்கிறது என்றால் குதிரை நிம்மதியாக இருக்கிறது. அந்த ஓசையைக் கேட்டபடி மீண்டும் கண்ணயர்வதைப் போன்ற சுகத்தை நான் வேறெங்கும் அடைந்ததில்லை.

கரையோரச் சவாரியும் நீரில் இறங்குதலும்

மறுநாள் சவாரியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டம், விரியும் குடை, மிதவைப் படகு, நீரில் சீறும் இயந்திர வண்டி எல்லாம் குதிரைக்குப் புதியவை. மிரண்டால் அதன் தலையை அந்தப் பொருளின் பக்கம் திருப்பி, நின்று பார்க்க நேரம் கொடுங்கள். நடைப்பயணிகள் எதிர்ப்பட்டால் அவர்களைப் பேசச் சொல்லுங்கள். பெரிய முதுகுப்பையோடு பேசாமல் நிற்கும் உருவத்தைக் குதிரை மனிதன் என்று உடனே உணர்வதில்லை, குரலைக் கேட்டதும் தெளிந்துவிடும்.

அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும், அடியில் உறுதியான மணலோ சரளையோ உள்ள கரையில் மட்டும் நீரில் இறங்குங்கள். சேற்றில் புதைந்த கால்களை இழுக்க முயலும் குதிரை மிக விரைவில் பீதியடையும். இறங்குவதற்கு முன் தலை உயராமல் பிடித்துவைக்கும் வார்களைக் கட்டாயம் அகற்றிவிடுங்கள். நீந்தும் குதிரை மூக்கை நீருக்கு மேல் நீட்ட வேண்டும், அந்த வார் இருந்தால் அது மூழ்கிவிடும். முதன்முறை முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். முன்னங்காலால் நீரை அடித்துத் தெறிக்கத் தொடங்கினால் அது விளையாட்டாகத் தோன்றினாலும், பெரும்பாலும் படுத்துப் புரள்வதற்கான முன்னறிவிப்பாக இருக்கும். உடனே தலையைத் தூக்கி முன்னோக்கி நடத்துங்கள்.

ஈ விரட்டும் மருந்து தெளித்த குதிரையை ஏரியில் இறக்காதீர்கள். அத்தகைய மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் கொடிய நஞ்சு. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவதும் கரையிலிருந்து விலகி, வாளித் தண்ணீரில்தான் நடக்க வேண்டும்.

புறப்படும் நாள்

லத்தியை நாள்தோறும் இருமுறை அள்ளியிருந்தால் கடைசி நாளில் பெரிய வேலை இருக்காது. தொட்டி இருந்தால் அதில் கொட்டுங்கள், இல்லாவிட்டால் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றுங்கள். சிந்திய புல்லையும் பெருக்கி எடுங்கள். குதிரை காலால் பறித்த குழிகளை மண்ணால் நிரப்பி மிதித்துச் சமன்செய்யுங்கள். மேல்கயிற்றையும் மரப்பட்டைவாரையும் அவிழ்த்த பிறகு மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏரி நீரில் நனைந்த வாளி, குளம்புக் காலணி, கயிறு ஆகியவற்றை வீட்டில் நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்திய பிறகே வேறொரு ஏரிக்குக் கொண்டுசெல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத நீர்ச்செடித் துணுக்குகளும் சிப்பிக் குஞ்சுகளும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும்.

வீடு திரும்பிய குதிரையை, உடன் வாழும் மற்றக் குதிரைகளோடு உடனே சேர்க்காமல், இரண்டு வாரங்களுக்காவது தனி வாளி, தனித் தொட்டியோடு சற்றுத் தள்ளி வைத்திருங்கள். தொண்டைச் சீழ் நோய் போன்றவை வெளிப்படுவதற்குச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம், காய்ச்சல்தான் பெரும்பாலும் முதலில் வரும். எனவே அந்த நாள்களில் காலையும் மாலையும் உடல்வெப்பத்தை அளந்து, புறப்படுவதற்கு முன் நீங்கள் எழுதி வைத்த அதே குறிப்பேட்டில் தொடர்ந்து எழுதிவாருங்கள்.